அழகுக் கிறீமில் 'பெப்டைட்': நெல் எவ்வளவு, பதர் எவ்வளவு?



அக்கரைப்பற்றில் பெண்களுக்கென வாரந்தோறும் நடக்கும் மார்க்க வகுப்பு அன்றும் முடிந்தது. எல்லோரும் எழுந்து சென்ற பின் ஒரு தாய் மட்டும் வாசலோரம் தயங்கி நின்றார். அவர் கையில் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தல் இருந்தது.

"மௌலவி, இத மகளுக்கு வாங்கின. ஆறாயிரத்து ஐந்நூறு ரூவா. இது ஹலாலா? இதப் பூசிக்கிட்டு ஒழு எடுத்தாக் கூடுமா?"

வாங்கிப் பார்த்தேன். மேலே ஆங்கிலத்தில் 'பெப்டைட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். முகச் சுருக்கத்தைப் போக்கும், தோலை இளமையாக்கும் என்ற வாசகங்களும் இருந்தன. அந்தச் சொல்லுக்குப் பொருள் அன்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே நாங்கள் அறபுக் கல்லூரியில் முதலில் கற்ற பாடம். ஒரு வாரம் தவணை கேட்டேன். போகும்போது, "என்னத்துக்கு வாங்கினீங்க ராத்தா?" என்றும் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்து கொண்டார். "மகள்ற நிறம் கொஞ்சம் வெளுக்கும் எண்டு கடையில சொன்னாங்க. ரெண்டு இடத்தால வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க மௌலவி."

மகளுக்கு வயது இருபத்திரண்டு. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாத பிள்ளை. போத்தலோ சுருக்கத்துக்கு! கடையில் சொன்னது ஒன்று, போத்தலில் எழுதியிருப்பது வேறொன்று.

அந்தத் தாய் என்னிடம் கேட்டவை இரண்டு கேள்விகள். மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை: "இது சொன்ன வேலையைச் செய்யுமா?" இதுவும் மார்க்கக் கேள்விதான். சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. அதற்காக அந்த வியாபாரியை அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். மேற்பரப்பைப் பார்த்து ஏமாறாமல் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை. உள்ளதைச் சொல்வது விற்பவரின் கடமை.

எனவே எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியையிடம் கேட்டேன். அவர் தந்தவற்றைப் படித்தேன். அந்த ஒரு வாரத்தில் அறிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன். நமது மண் நெல் விளையும் மண். சுளகு பிடிக்கத் தெரியாத வீடு இங்கு குறைவு. இந்தப் போத்தலையும் சுளகிலிட்டுப் புடைத்துப் பார்ப்போம்.

பெப்டைட் என்றால் என்ன?

தஸ்பீஹ் மாலையை எண்ணிப் பாருங்கள். மணிகளைக் கோத்தால் மாலை. அதுபோல நமது உடலிலுள்ள புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளால் கோக்கப்பட்டவை. அம்மணிகளில் முக்கியமானவை 20 வகை. நூற்றுக்கணக்கில் கோத்தால் புரதம். இரண்டு முதல் ஏறக்குறைய ஐம்பது வரை கோத்த சிறு துண்டுதான் பெப்டைட்.

முன்னர் இவற்றை ஆய்வுகூடத்தில் செய்வது பெரும் சிரமமாக இருந்தது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த புரூஸ் மெரிபீல்ட் என்ற விஞ்ஞானி 1963 இல் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்தார். முதல் மணியை ஒரு பிசின் உருண்டையில் ஒட்டவைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாக மற்ற மணிகளைச் சேர்த்துக் கொண்டு போகும் முறை அது. இதற்காக 1984 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று மருந்துகளிலும் அழகுப் பொருட்களிலும் வரும் செயற்கைப் பெப்டைட்டுகள் பலவும் இவ்வழியில் பிறந்தவையே.

தோலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தோலின் நீரை நீக்கிவிட்டு நிறுத்தால் அதன் எடையில் சுமார் 70 வீதம் கொலாஜன் என்ற புரதமாகும். தோலைத் தாங்கி நிற்கும் வரிச்சு அதுதான். வாலிபம் கடந்தபின் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 வீதம் வீதமாக அது குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் முதல் ஐந்து ஆண்டுகளில் சுமார் 30 வீதம் குறைந்து விடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுருக்கம் விழுவதற்கு இது ஒரு காரணம். முதுமையைத் தவிர ஏனைய நோய்களுக்கு அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. அந்த முதுமையோடுதான் இந்தப் போத்தல் மல்லுக்கு நிற்கிறது.

1993 இல் அமெரிக்காவின் டென்னஸி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கொலாஜனின் மூலப் புரதத்திலிருந்து ஐந்து மணிகள் கொண்ட ஒரு துண்டை எடுத்து, ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த தோல் உயிரணுக்களில் இட்டபோது, அவை கூடுதலாகக் கொலாஜனைச் செய்தன. பழையது உடைந்து விட்டது, புதியது செய் என்று அந்தத் துண்டு செய்தி சொல்வதாக விளங்கிக் கொண்டார்கள். பின்னர் பிரான்சின் செடெர்மா கொம்பனி அந்த ஐந்து மணியோடு ஒரு கொழுப்பமிலத்தை ஒட்டி 'மெற்றிக்சில்' என்ற பெயரில் விற்றது. ஸ்பெயினின் லிபோடெக் கொம்பனி, ஆறு மணிகள் கொண்ட 'ஆர்ஜிரெலின்' என்ற வேறொன்றைக் கொண்டு வந்தது. முகத் தசையை இறுக்கும் நரம்புச் செய்தியைச் சற்றுத் தணிப்பதே அதன் நோக்கம். அந்தத் தாயின் போத்தலிலிருந்தது இந்த இரண்டாவது வகை.

ஆக, பெப்டைட் என்பது பொய்யல்ல. அதன் பின்னே உண்மையான கல்வி இருக்கிறது. ஆனால் தட்டில் வளர்த்த உயிரணுவில் நடந்தது நமது முகத்திலும் நடக்குமா என்பதுதான் கேள்வி.

முதற் புடைப்பு: உள்ளே போகுமா?

அல்லாஹ் தோலை ஒரு கோட்டையாகப் படைத்திருக்கிறான். குளத்தில் குளித்தால் தண்ணீர் உடம்பினுள் நிறைவதில்லை அல்லவா? 2000 ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு பொது அளவுகோலைச் சொன்னார்கள். மூலக்கூறின் எடை 500 டோல்டனுக்கு மேற்பட்டால் அது நல்ல தோலைக் கடந்து செல்வது மிகக் கடினம் என்பதே அது. டோல்டன் என்பது மூலக்கூறுகளை நிறுக்கும் படிக்கல். அந்தப் படியில் தண்ணீர் 18, குளுக்கோசு 180. மெற்றிக்சில் சுமார் 802. ஆர்ஜிரெலின் சுமார் 889. முழுக் கொலாஜனோ ஏறக்குறைய மூன்று இலட்சம்! 'கொலாஜன் கிறீம்' என்று விற்கப்படுவது தோலின் மேலே இருந்து ஈரத்தைக் காக்கலாம். உள்ளே போய்க் கொலாஜனாக நிற்பதற்கு அதற்கு வழியில்லை.

ஆர்ஜிரெலினை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்களே சோதித்து 2015 இல் எழுதினார்கள். இறந்தவர்களிடமிருந்து பெற்ற மனிதத் தோலின்மேல் அதைப் பூசி ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். பூசியதில் தோலினுள் சென்றது 0.22 வீதம் மாத்திரம். அதிலும் பெரும்பகுதி மேலேயுள்ள இறந்த படையிலேயே தங்கிவிட்டது. நரம்பும் தசையும் இருக்கும் ஆழத்தின் பக்கம் எதுவும் போனதாகக் காணவில்லை. மெற்றிக்சிலில் கொழுப்பமிலத்தை ஒட்டியதே இந்தக் கோட்டைச் சுவரைக் கடக்க வைப்பதற்காகத்தான். அது ஓரளவு உதவலாம்.

இரண்டாம் புடைப்பு: எத்தனை பேரிடம் பார்த்தார்கள்?

ஆர்ஜிரெலின் பற்றி 2002 இல் வெளியான முதல் ஆய்வு, 30 நாட்களில் சுருக்கத்தின் ஆழம் 30 வீதம் வரை குறைந்தது என்றது. விளம்பரங்களில் பறந்தது இந்த 30 வீதம்தான். அதில் கலந்துகொண்ட பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? பத்துப் பேர்! ஒரு வீட்டுக் கத்தத்துக்கு வரும் கூட்டத்தை விடவும் குறைவு. 2013 இல் சீனாவில் 60 பேரிடம், வெறும் கிறீம் பூசியவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிலும் நன்மை தெரிந்ததாகவே எழுதினார்கள். ஆனால் அது நான்கே வாரம்தான் நடந்தது.

மெற்றிக்சிலுக்கு இதைவிட நல்ல ஆய்வு இருக்கிறது. 2005 இல் வெளியானது. 35 முதல் 55 வயதுவரையான 93 பெண்கள், 12 வாரங்கள். முகத்தின் ஒரு பக்கம் பெப்டைட் கிறீம், மறுபக்கம் பெப்டைட் இல்லாத அதே கிறீம். எந்தப் பக்கம் எது என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்தவருக்கும் தெரியாது. நேர்மையான முறை இதுதான். முடிவு என்ன? மெல்லிய கோடுகள் ஓரளவு குறைந்தன. கருவியும் பயிற்சி பெற்ற கண்ணும் கண்டு சொல்லக்கூடிய சிறிய மாற்றம். அந்த ஆய்வைச் செய்தவர்களும் கிறீம் விற்கும் கொம்பனியைச் சேர்ந்தவர்களே. அதனால் அது பொய்யாகி விடாது. ஆனால் தன் நெல்லைத் தானே நிறுப்பவரின் தராசை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நமது வழக்கம்.

ஏன் மறுபக்கத்தில் வெறும் கிறீம் பூச வேண்டும் என்று கேட்பீர்கள். எந்தக் கிறீமைப் பூசினாலும் ஈரம் ஏறி, தோல் சற்று உப்பி, மெல்லிய சுருக்கங்கள் மறைவதுண்டு. தேங்காயெண்ணெய் தடவினாலும் அப்படித்தான். அந்த நன்மையைக் கழித்தபின் எஞ்சுவது எதுவோ அதுவே பெப்டைட்டின் பங்கு. விளம்பரக்காரர்கள் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

இத்துடன் வேறோர் ஆய்வை ஒப்பிடுங்கள். அவுஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை, 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் பார்த்தார்கள். ஒரு சாரார் நாள்தோறும் வெயில் தடுப்புக் கிறீம் பூசினார்கள். மறுசாரார் தாம் விரும்பியபடி விட்டார்கள். நாலரை ஆண்டுகளின் பின் புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்தபோது, நாள்தோறும் பூசியவர்களின் தோலில் முதுமை 24 வீதம் குறைவாக இருந்தது. முடிவு 2013 இல் வெளியானது. பத்துப் பேர், 30 நாள் எங்கே? 903 பேர், நாலரை ஆண்டு எங்கே? தோலைக் கெடுப்பதில் வெயிலுக்கும் பங்கு உண்டு என்பதையும் இது காட்டுகிறது. அறுவடைக் காலத்தில் வயல் வரம்பில் நிற்கும் நமது பெண்களின் முகத்தையும், முக்காட்டினுள் இருந்த அவர்களுடைய கழுத்தையும் ஒப்பிட்டாலே இது விளங்கும்.

மூன்றாம் புடைப்பு: போத்தலில் எவ்வளவு இருக்கிறது?

போத்தலில் '10 வீதம்' என்றிருந்தது. நானும் பத்தில் ஒரு பங்கு பெப்டைட் என்றே எண்ணினேன். விஞ்ஞான ஆசிரியை சிரித்தார். 10 வீதம் என்பது கொம்பனிகள் வாங்கிக் கலக்கும் கரைசலின் அளவு. அந்தக் கரைசலில் பெப்டைட் வழமையாக 0.05 வீதமே. மிகுதி பெரும்பாலும் தண்ணீர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். போத்தல் 30 மில்லிலீற்றர். அதில் 10 வீதம் 3 மில்லிலீற்றர் கரைசல். அதில் 0.05 வீதம் 1.5 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம். ஆகவே, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் போத்தலில் இருக்கும் பெப்டைட், ஓர் அரிசி மணியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை!

அளவு குறைவென்பது மாத்திரம் குற்றமல்ல. பெப்டைட்டுகளில் சில மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யக் கூடியவை. மெற்றிக்சில் ஆய்விலும் பத்து இலட்சத்தில் 3 பங்குதான் இருந்தது. ஆயினும் '10 வீதம்' என்று எழுதினால் வாங்குபவர் என்ன விளங்கிக் கொள்வார் என்பது விற்பவருக்குத் தெரியும். அளவை, நிறுவையில் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே உண்டு என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை.

பெரிய பெயர்களும் இதில் விதிவிலக்கல்ல. லொரியால் கொம்பனி தனது இருவகைக் கிறீம்கள் தோலின் மரபணுக்களைத் தூண்டி இளமை தரும் என விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு 2014 இல் குற்றஞ்சாட்டியது. ஆதாரமின்றி அப்படிச் சொல்வதில்லை என்று அக்கொம்பனி இணக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் மருந்தென்றால் விற்குமுன் அது வேலை செய்வதை நிரூபிக்க வேண்டும். அழகுப் பொருளுக்கு அந்த முன் அனுமதி தேவையில்லை. அதனால்தான் போத்தலின் மொழி வழுக்கும் மொழியாக இருக்கிறது. 'சுருக்கத்தைப் போக்கும்' என்பதற்கும் 'சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்க உதவும்' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

ஹலாலா? ஒழு கூடுமா?

செயற்கைப் பெப்டைட் ஆய்வுகூடத்தில் கோக்கப்படுவது. பிராணியின் உடலிலிருந்து வெட்டி எடுப்பதல்ல. எனவே அதன் அடிப்படையில் தடையில்லை. கவனிக்க வேண்டியவை அதனோடு வருபவைதான். மெற்றிக்சிலில் ஒட்டியுள்ள பாமிற்றிக் கொழுப்பமிலம் பாம் எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். கிளிசரினும் அவ்வாறே. கொலாஜனும் ஜெலற்றினும் மீன், மாடு, பன்றி ஆகிய மூன்றிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. மூலம் எழுதப்படாத இடத்தில் ஹலால் சான்றிதழ் உள்ளதைத் தெரிவு செய்வது பேணுதலாகும். மலேசியாவில் அழகுப் பொருட்களுக்கெனத் தனி ஹலால் தரநியமம் இருக்கிறது. இந்தோனேசியா அழகுப் பொருட்களுக்கான கட்டாயச் சான்றிதழுக்கு 2026 ஒக்டோபர் 17 ஐத் தவணையாக விதித்தது. எனவே சான்றிதழ் பெற்ற பொருளைத் தேடினால் கிடைக்கும்.

ஒழுவைப் பொறுத்தவரை, தண்ணீர் தோலைச் சேராமல் தடுக்கும் பருமனான படை இருந்தால் அதை நீக்க வேண்டும். எண்ணெய்ப் பசை மாத்திரம் இருந்து, தண்ணீர் தோலின்மேல் ஓடினால் போதும், அது ஒட்டி நிற்காவிட்டாலும் குற்றமில்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். தண்ணீர் போன்ற இந்த பெப்டைட் திரவம் ஊறிவிடும். அது தடையல்ல. தண்ணீரில் கரையாத பூச்சுகளும், உரித்தெடுக்கும் படலங்களும் வேறு. அவற்றைக் கழுவி அகற்றிய பின்னரே ஒழு எடுக்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

சகோதரிகளே! இதுவரை சொன்னதில் பணம் வீணாவதைத் தவிரப் பெரும் தீங்கில்லை. பூசும் பெப்டைட்டால் சிலருக்குத் தோல் சிவக்கலாம், அரிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாய் தேடியது சுருக்கத்துக்கு மருந்தல்ல, நிறத்துக்கு. நிறம் தேடிப் போகும் பாதையில் இரண்டு குழிகள் உள்ளன.

முதலாவது ஊசி. குளுற்றதயோன் என்பது மூன்று மணிகள் கொண்ட ஒரு பெப்டைட். நமது உடலே அதைச் செய்கிறது. தோலை வெளுக்கச் செய்வதாகக் கூறி அதை இரத்தக் குழாயினுள் ஏற்றுகிறார்கள். பாகிஸ்தானில் 50 பெண்களிடம் செய்து 2016 இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆறு வாரம் உண்மையான ஊசியை முழுமையாகப் போட்டுக் கொண்ட 16 பேரில் 6 பேருக்கு நிறம் சற்றுக் குறைந்தது. ஆறு மாதத்தின் பின் அந்த நிறம் எஞ்சியது ஒரே ஒருவருக்கு. ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது. ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தது. பிலிப்பைன்ஸ் அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த ஊசி குறித்து 2011 இலும் 2019 இலும் மக்களை எச்சரித்தது. பூசினால் உள்ளே போகாத பெப்டைட் ஊசியினால் நேரே இரத்தத்துக்குப் போகிறது. கோட்டைக் கதவை நாமே திறந்து விடுகிறோம்!

இரண்டாவது பாதரசம். பெயர் தெரியாத சிறு டப்பாக்களில் வந்து ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் கிறீம்களுக்கு அஞ்சுங்கள். பாதரசம் நிறமியைச் செய்யும் வேலையைத் தடுக்கிறது. அதனால் உண்மையிலேயே வெளுக்கும். அதேவேளை சிறுநீரகத்தைத் தின்னும். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊரின் வைத்தியர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அபூர்வமான ஒரே வகை அடையாளம் தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள்! பெரும்பாலோர் பூசுவதை நிறுத்தியபின் தேறினார்கள், அல்ஹம்துலில்லாஹ். மலப்புரம் நம்மைப் போன்ற முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம். அங்கு நடந்தது இங்கு நடக்காது என்று இருந்துவிட முடியாது. 2023 பெப்ரவரியில் பாதரசக் கிறீம்களை ஒழிக்க 14 மில்லியன் டொலர் செலவில் ஐக்கிய நாடுகளின் திட்டமொன்று ஆரம்பமானது. அதற்காகச் சேர்ந்த மூன்று நாடுகள் கெபோன், ஜமெய்க்கா, நமது இலங்கை.

இந்த நஞ்சு பூசியவரோடு நிற்பதில்லை. தலையணை உறை, துவாய், உம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துறங்கும் குழந்தை, வயிற்றிலிருக்கும் சிசு எல்லாவற்றுக்கும் போகும்.

அடையாளம் காண்பது எப்படி? உள்ளடக்கம் எழுதப்படாதது, இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் இல்லாதது, காலாவதித் திகதி இல்லாதது ஆகியவற்றை வாங்கவே வேண்டாம். 'மேர்க்கியூரி', 'கலோமெல்' என்ற சொற்கள் இருந்தால் உடனே பூசுவதை நிறுத்துங்கள். இன்னுமோர் அடையாளம்: 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக் கொள்ளவும்' என்று எழுதியிருப்பது. பாதரசம் தங்கத்தைக் கெடுக்கும் என்பதால் அப்படி எழுதுகிறார்கள். கைக் காப்பைக் கெடுப்பது கையைக் கெடுக்காதா? சந்தேகமான பொருளைப் பற்றி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். ஏற்கெனவே பூசியிருந்தால் கிறீமையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது

அடுத்த வாரம் அவர் வந்தார். சொன்னேன்: "ராத்தா, இதில ஹராமான பொருள் எழுதியில்ல. ஒழுவுக்கும் தடையில்ல. ஆனா இது நிறத்துக்குரிய சாமான் இல்ல. சுருக்கத்துக்கும் கொஞ்சந்தான் செய்யும். உடைச்ச போத்தலைக் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. வீணாக்காம நீங்களே பூசி முடிங்க."

"எனக்கா மௌலவி!" என்று அவர் சிரித்து விட்டார்.

பணம் வைத்து முகத்தைப் பேண விரும்பும் சகோதரிகளுக்கும் நான் சொல்லக்கூடியது சுருக்கமானதே. வெயிலில் இறங்குமுன் குடை, முக்காடு, வெயில் தடுப்புக் கிறீம். முகம் கழுவக் கடுமையான சவர்க்காரம் வேண்டாம். தோல் காயாமல் சாதாரணமான ஒரு கிறீம் அல்லது எண்ணெய். முகத்தில் திடீரென நிறம் மாறினால் தோல் வைத்தியரிடம் காட்டுதல். இவற்றைச் செய்தபின் கையில் பணம் மிஞ்சி, சிறிய நன்மை போதும் என்ற அறிவோடு பெப்டைட் வாங்கினால் அது உங்கள் விருப்பம். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான். அலங்காரம் நமக்குத் தடுக்கப்படவில்லை. வீண்விரயமும் ஏமாறுவதுமே தடை.

இன்னுமொன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

கலியாணப் பேச்சுகளில் எத்தனையோ சபைகளில் நானும் அமர்ந்திருக்கிறேன். "பிள்ளை நல்ல பிள்ளை, ஆனா பொதுநிறம்" என்று யாரோ குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பிலால் (ரழி) அவர்களின் சிறப்பை மிம்பரில் பேசும் நான், அந்த இடத்தில் பேசாமல் தேநீரைக் குடித்திருக்கிறேன். வெள்ளையருக்குக் கறுப்பரைவிடச் சிறப்பில்லை என்று நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் சொன்னது மாப்பிள்ளை வீட்டாருக்கும் சேர்த்துத்தான். வீடும் வளவும் கேட்டு, பவுண் கேட்டு, அதற்கு மேல் நிறமும் கேட்டால், அந்தத் தாய்மார் போத்தல் வாங்காமல் என்ன செய்வார்கள்? கடைக்காரரைக் குறை சொல்லுமுன், அந்தக் கடைக்கு அவர்களை அனுப்பியது யார் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இனி அப்படியொரு சபையில் நான் வாய்மூடி இருக்க மாட்டேன், இன்ஷா அல்லாஹ். ஆண்மக்களைப் பெற்ற தாய்மாரே! உங்களிடமும் அதையே கேட்கிறேன்.

போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்படும்போது அந்தத் தாய் திரும்பி நின்றார். "மகள் முதல் நாளே சொன்னா மௌலவி, 'எனக்கு இது வேணாம் உம்மா, நான் இப்படியே இருக்கன்' எண்டு. நான்தான் கேக்கல்ல."